சரியும் இசைவும்

‘சரி’ என்ற சொல்லை நான் பல ஆண்டுகள் தவறாகவே கேட்டுவந்தேன். மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருப்பவரின் வேலையில் பாதி அந்தச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான். ஊசிக்குச் சரி, அறுவைக்குச் சரி, பரிசோதனைக்குச் சரி. சொன்னவர் பெயர், உறவுமுறை, தேதி, கையெழுத்து. அத்துடன் என் கடமை முடிந்ததாக நினைத்திருந்தேன். இப்போது நான் இருந்த நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கு, என் காதைத் திருத்திய ஒரு பன்னிரண்டு வயதுக்காரரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

கதிர் என்று அழைப்போம். உண்மைப் பெயர் அதுவன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கும் பெயர் என்பதால் தேர்ந்தேன். ஊர் காவாந்தண்டலம். பிறப்புச் சான்றிதழில் பெண் என்று இருந்தது. நினைவு தெரிந்த நாள் முதல் கதிர் தம்மை ஆண் என்றே அறிந்திருந்தார். தந்தை இல்லை. தாய் இரண்டு காணி நிலத்தைத் தாமே உழுது பயிரிடுபவர். குடும்பத்தில் ஆண் என்று நின்று பேச, தென்னேரியிலிருந்து தாய்மாமன் வருவார். மனநல மருத்துவர் ஏறத்தாழ ஓராண்டு பார்த்துப் பேசி, நீண்ட அறிக்கை ஒன்றுடன் அவர்களை எங்களிடம் அனுப்பியிருந்தார். உத்திரமேரூரில் மாதம் இருமுறை கூடும் எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு மூவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

கேள்வி இதுதான். பருவ மாற்றம் தொடங்கிவிட்டிருந்தது. அதைச் சில காலம் நிறுத்திவைக்கும் ஊசி உண்டு. ஊசியை விட்டால் பருவம் மறுபடி தொடரும். ஆனால் எலும்பின் உறுதி குறையலாம். நெடுங்காலத்தில் என்ன ஆகும் என்பதில் மருத்துவர்களே உறுதியாகச் சொல்ல முடியாதவை இன்னும் இருக்கின்றன. போடாமல் காத்திருந்தாலோ, உடல் காத்திருக்காது. எதை நினைத்தாலே கதிருக்கு உறக்கம் கெட்டதோ, அந்தப் பூப்பு சில மாதங்களில் நடந்துவிடும். சட்டப்படி கையெழுத்து இட வேண்டியவர் தாய். பிள்ளைக்கென்று படிவத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது. அதன் தலைப்பு: இசைவு.

முதல் நாளே மாமன் ஒரு கேள்வி கேட்டார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, உரத்த குரல்.

“டாக்டரம்மா, வயசுக்கே வராத புள்ள, வயசுக்கு வர்லாமா வோணாமான்னு முடிவு பண்ணுமா? இன்னா நாயம் இது?”

அறையிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். நம் மொழியில் பூப்படைதலும் முடிவெடுக்கும் தகுதி பெறுதலும் ஒரே சொல்லில் இருப்பதை அந்த மனிதர் போகிற போக்கில் கண்டுபிடித்திருந்தார். எங்கள் மூத்த மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை.

“நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. அவரைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

மாமன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “எவர?”

“இவரைத்தான்” என்று மருத்துவர் கதிரைக் காட்டினார்.

அந்த அம்மையாருக்கு அது வழக்கம். பிறந்து மூன்று நாளான சிசுவையும் கோப்பில் ‘அவர்’ என்றே எழுதுவார். அன்றுதான் அச்சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது. மதிப்பும் அதில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்ற தீர்ப்பு அதில் இல்லை. இறைவனை அவன் என்றும் அவள் என்றும் அது என்றும் பாடிப் பழகிய மொழி, ஒரு பிள்ளைக்கு ‘அவர்’ என்ற இடத்தை ஒதுக்கித் தர முடியாமலா போகும்? கதிர் தலை நிமிர்ந்து மருத்துவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

என் தவறு அதே நாளில் நடந்தது. கதிரைத் தனியே அழைத்து, சிகிச்சை பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். மூளையிலிருந்து வரும் கட்டளை, அதை ஊசி எப்படித் தடுக்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எலும்புக்கு என்ன ஆகும் என எல்லாவற்றையும் தடையில்லாமல் சொன்னார். நான் வியந்துபோய்த் தாளில் ‘முழுமையாகப் புரிந்துகொண்டுள்ளார்’ என்று எழுதி மருத்துவர் முன் வைத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கேட்டார்: “இவர் சொன்னதுல எது இவரோட வார்த்தை?”

கதிர் சொன்னதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அத்தனையும் மனநல மருத்துவர் கொடுத்த கையேட்டின் வாக்கியங்கள்.

பிறர் செய்தால் பிழை. நான் செய்தால் அது வெட்கம். நான் ஓதுவார் வீட்டில் பிறந்தவள். ஏழு வயதில் திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்று, ஒரு பதிகத்தின் பதினொரு பாடல்களையும் பிசகின்றிப் பாடினேன். குருக்கள் மாலை போட்டார். வீட்டுக்கு வந்ததும் தந்தையார் நான்காம் பாட்டில் வரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். விழித்தேன். “பாட்டு உன் வாயில இருக்கு. இன்னும் உள்ள போகல” என்று சொல்லிவிட்டு, மாலையை என் கழுத்திலிருந்து எடுத்துச் சுவாமி படத்துக்குப் போட்டார். அந்த மாலையை நினைவில் வைத்திருந்த நான், கதிரின் ஒப்பித்தலுக்கு மாலை போட்டிருந்தேன்.

அடுத்த முறை மருத்துவரே பேசினார். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். ஊசியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“நீங்களா எடுத்த முடிவு ஒண்ணு சொல்லுங்க. நல்லா போனதோ கெட்டுப் போனதோ, ஏதாவது ஒண்ணு.”

“மைனர்” என்றார் கதிர்.

மைனர் என்பது ஓர் ஆட்டுக்கிடா. திருவிழாவுக்கு வெட்ட மாமன் குறித்து வைத்திருந்ததைக் கதிர் அழுது அடம்பிடித்துக் காப்பாற்றியிருந்தார்.

“வெட்டக் கூடாதுன்னேன். சரின்னுட்டாங்க. அப்புறம் கோடைல தழையே இல்ல. அம்மா ஆத்தோரம் வரைக்கும் போய் வெட்டிக்கினு வரும். அதுக்கு முட்டி வலி. நான் மைனருக்குத்தான் யோசிச்சேன். அம்மா முட்டிக்கு யோசிக்கல.”

“அப்போ மைனரைக் குடுத்துட்டீங்களா?”

“இல்ல. நான் வெள்ளன எய்ந்து தழை வெட்டிட்டு இஸ்கூல் போறேன். முடிவு நான் எடுத்தேன்னா தழையும் நான்தான வெட்டணும்.”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த ஊசிக்குத் தழை எது?”

கதிர் விரல் மடக்கினார். “எலும்பு டெஸ்ட்டுக்கு வரணும். வெயில்ல வெளயாடணும். பால் புடிக்காது, குடிக்கணும். ஊர்ல கேப்பாங்க, பதில் சொல்லணும். அப்புறம்…” ஒரு விரல் மிச்சம் இருந்தது. “முப்பது வயசுல நான் இன்னா நெனைப்பேன்னு எனுக்குத் தெரியாது. அது ஒண்ணு கீது. ஆனா டாக்டர், அது உங்களுக்கும் தெரியாது இல்ல?”

“தெரியாது” என்றார் மருத்துவர்.

“அப்போ ரெண்டு பேருக்கும் தெரியாததுல, யாருக்கு வலிக்கும்னு பாக்கணும்.”

அந்த வாக்கியம் எந்தக் கையேட்டிலும் இல்லை. முப்பது ஆண்டுகளாகப் பெரியவர்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். தமக்கு என்ன தெரியாது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

புறப்படும்போது கதிர் திரும்பி வந்து ஒன்று கேட்டார். “எங்க மாமா பச்சை ஓலை கட்டணும்னு நான் பொறந்ததுலேர்ந்து சொல்லிக்கினு கீறாரு. நான் அதுல உக்கார மாட்டேன்னு அவர்கிட்ட யாரு சொல்றது?” பூப்படைந்த பெண்ணுக்குப் பச்சை ஓலையில் தடுக்கு கட்டித் தருவது தாய்மாமனின் உரிமை. அதை இழக்கப்போகும் மனிதருக்காக இந்தப் பன்னிரண்டு வயது வருந்திக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் மாமனைப் பற்றி அப்படித் தோன்றவில்லை.

ஊசி போடலாம் என்று மருத்துவர் தம் கருத்தைப் பதிந்தார். குழுவில் மற்றவர்களும் உடன்பட்டார்கள். தாய், “என் கண்ணு நிம்மதியாத் தூங்கினா போதும்” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். மருந்து வந்து சேர்ந்தது. ஊசி போடும் நாள் குறித்தோம்.

அந்த நாளில் வெளியே நாற்பது தாய்மார்கள் வரிசையில் இருந்தார்கள். மாமன் யாரும் எதிர்பாராத இணக்கமான முகத்தோடு வந்தார். “நான் குறுக்க நிக்கலம்மா. போடுங்க. புள்ளயும் சரின்னுடிச்சி” என்றார். எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல். செவிலியர் மருந்தைக் கலக்கிவிட்டார். கலக்கிய மருந்தை வைத்திருக்க முடியாது. அப்போதே போட்டாக வேண்டும். நான் படிவத்தை எடுத்து, விதிப்படி கடைசி முறையாகக் கேட்டேன்.

“கதிர், ஊசி போட்டுக்கறீங்களா?”

“சரி.”

பேனா தாளில் பட்டுவிட்டது. ஆனால் ஓதுவார் வீட்டுக் காதுக்கு ஒரு குணம் உண்டு. சொல் பிழையின்றி இருந்தாலும் சுருதி விலகினால் அது உறுத்தும். அந்தச் ‘சரி’ உறுத்தியது. ஏன் என்று விளங்க எனக்குச் சில நொடிகள் ஆயின. அதுவரை கதிர் என்னிடம் சொன்ன ஒவ்வொரு ‘சரி’யின் வாலிலும் ஓர் ‘ஆனா’ இருந்தது. சரி, ஆனா பால் புடிக்காது. சரி, ஆனா பரீட்சை அன்னிக்கு வர முடியாது. அன்றைய சரிக்கு வால் இல்லை.

“டாக்டர், ஒரு நிமிஷம்” என்றேன்.

செவிலியர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். மருத்துவர் என்னைப் பார்த்தார். என்னிடம் காரணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. காதில் பட்டது மட்டும்தான் இருந்தது. தவறாக இருந்தால் கிடைத்தற்கரிய மருந்து வீண். இன்னொரு மருந்து வர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் கதிரின் உடலில் எதுவும் நடக்கலாம். மருத்துவர் என்னைக் காரணம் கேட்கவில்லை. “எல்லாரும் வெளிய இருங்க” என்று மட்டும் சொன்னார்.

அறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். கதிர் மெல்லச் சொன்னார். வண்டியில் வரும்போது மாமன் சொல்லியிருக்கிறார்: ஊசி போட்டுக்கொள், நான் தடுக்கவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தென்னேரியில் என் வீட்டில் இரு, ஊரார் கண்ணில் படாதே.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று மருத்துவர் கேட்டார்.

“சரின்னேன்.” அவர் கண்கள் நிறைந்தன. “இஸ்கூல வுட்டா ஊசி. வேற எப்டி கேக்கறது?”

மருத்துவர் எழுந்தார். செவிலியரை அழைத்து ஊசியை வாங்கி, தாமே கழிவுப் பெட்டியில் போட்டார். இப்படி ஒரு மருந்தை வரவழைக்க அவர் எத்தனை பேரிடம் பேசினார் என்பது எனக்குத் தெரியும்.

மாமனுக்குக் கோபம் வந்தது. “இன்னாம்மா பேஜாரா கீது. வோணும்னு நீங்கதான் சொன்னீங்க. அது சரின்னு சொன்னா வோணாங்கிறீங்க.”

“அவர் சரின்னு சொன்னது உங்களுக்கு. எங்களுக்கு இன்னும் சொல்லல” என்றார் மருத்துவர்.

“ஊர்ல நாலு பேரு காறித் துப்புவான். அவுங்களுக்கு நீங்க வந்து பதில் சொல்வீங்களா? அதாம்மா கூப்ட்டேன். என் வூட்ல இருந்தா எவன் கேப்பான்?”

அவர் குரல் கடைசியில் உடைந்தது. பிள்ளையை ஒளித்துவைப்பதே பாதுகாப்பு என்று அவர் மெய்யாகவே நம்பினார். அவரைக் கொடியவராக எண்ணிய என்னை அப்போதே திருத்திக்கொண்டேன்.

மூன்று வாரம். அந்நாட்களில் காலை வழிபாட்டில் பாடும்போது வரி மறந்து நின்றிருக்கிறேன். நான் நிறுத்தியது சரியா, என் காதின் செருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இடையில் பூப்பு நிகழ்ந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அவர்கள் மறுபடி வந்தபோது அது நிகழ்ந்திருக்கவில்லை. மூவரும் வந்தார்கள், மாமன் வேட்டியில் ஓலைக் கறை. நடந்ததைத் தாய் சொன்னார். கதிர் தாமே பேருந்து ஏறித் தென்னேரிக்குப் போயிருக்கிறார்.

“போய் நின்னுக்கினு கேட்டுச்சிம்மா. ‘மாமா, உனுக்கு ஓலை கட்ட முடியலன்னுதான வெசனம்? வந்து கட்டு. மைனர் கொட்டாய் ஒழுவுது. ஆனா இஸ்கூலுக்கு நான் போவேன். நான் ஒளிஞ்சிக்கினா, தப்பு பண்ணவன்னு ஊரே நெனைக்கும். தப்பு பண்ணலியே’ன்னுச்சி. இவரு அன்னிக்கு சோறு துண்ணல. மறுநாளு டிராக்டர்ல ஓலை ஏத்திக்கினு வந்து எறங்கினாரு.”

மாமன் தரையைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: “தெருவே வந்து இன்னா விசேஷம்னு கேட்டானுங்க. ஆட்டுக்கு சடங்குடா, மொய் வைன்னு சொல்ட்டேன்.”

மருத்துவர் அன்று சிரித்தார். வாய்விட்டு அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

படிவத்தைக் கதிர் முன் வைத்தேன். அடி வரியில் விரல் வைத்து அவர் கேட்டார்: “இசைவுன்னா இன்னா மேடம்?”

“இசை தெரியுமில்ல? ஒருத்தர் பாடும்போது சுருதியோட சேர்ந்து நிக்கறது. அதுலேர்ந்து வந்ததுன்னு வச்சுக்கோங்க.”

“ஒரு வாட்டி சேந்தா போதுமா, பாட்டு முடியற வரைக்கும் சேந்து இருக்கணுமா?”

“முடியற வரைக்கும்.”

“அப்போ ஒரு வாட்டி கையெய்த்து போட்டா எப்டி இசைவு ஆவும்?”

நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் பேனாவைக் கதிரிடம் நீட்டினார். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், கோணல் எழுத்தில், கதிர் எழுதினார்: ‘ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி என்னைத் தனியாக் கேக்கணும். நான் வேணாம்னு மாறினா யாரும் திட்டக் கூடாது.’ அதன் கீழ் மருத்துவர் தம் கையொப்பத்தை இட்டார், மருந்துச் சீட்டுக்கு இடுவதைப் போலவே.

“ஊசி போட்டுக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“சரி. ஆனா எடது பக்கம் போடச் சொல்லுங்க. வலது பக்கம் பையை மாட்டணும்.”

அந்த ‘ஆனா’வைக் கேட்ட பிறகுதான் நான் மூச்சுவிட்டேன்.

எல்லாப் பிள்ளைகளும் கதிர் அல்லர். நன்றாக ஒப்பித்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தவர்களை நாங்கள் காத்திருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியதுண்டு. பெற்றோரின் ஆசையைத் தம் ஆசையாகச் சொன்னவர்களும் உண்டு. எனவே கதிரை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், வயதையும் கொள்ளாதீர்கள், நாவன்மையை ஒருபோதும் கொள்ளாதீர்கள். தழை எது என்று கேளுங்கள். யார் வெட்டுவது என்று கேளுங்கள். யாரிடம் என்ன சரி சொல்லிவிட்டு உங்கள் முன் வந்து நிற்கிறார் என்று கேளுங்கள்.

அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு முறையும் கதிரைத் தனியே அழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். ஒரு முறை, “இன்னிக்குத் தெரியல” என்றார். மருத்துவர் தலையசைத்தார், எவரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே மருத்துவமனைக்கு என்னைத் தேடி வந்து பதில் சொன்னார். என்ன பதில், ஏன் என்பதெல்லாம் அவருடையவை, நான் எழுதமாட்டேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது சலிக்காதா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஒரே பதிகத்தை நாள்தோறும் பாடுகிறவளிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது? நேற்றுப் பாடியது நேற்றோடு போயிற்று. இன்றைக்கு இன்று பாட வேண்டும்.

என் கடைசிப் பணிநாளில் கதிரின் முறை வந்தது. கேட்டேன். பதில் சொன்னார், வாலோடு. பிறகு, “அடுத்த வாட்டி நீங்க இருக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. இனிமே யாரு மேடம் கேப்பாங்க?” என்றார்.

“யாராவது கேப்பாங்க” என்றேன்.

“யாராவதுன்னா?”

அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் ஒரு பெயர் இல்லை. அந்தக் கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. முதல் தாளின் அடியில் கோணல் எழுத்தில் இரண்டு வரிகளைக் காண்பீர்கள். மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். கேளுங்கள். ‘சரி’ என்று வந்தால் உடனே எழுதிவிடாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘ஆனா’ வருகிறதா என்று சற்றுப் பொறுத்திருங்கள்.